வெள்ளிக்கூடையில் ஒரு பூந்தொட்டி

பனிப்புயல் வருகிறது என்று வானொலியில் சொன்னால் ஆர்டிஸ் கிம்பலுக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள். அமெரிக்காவின் வடக்கு வெர்மான்ட்டில் பனியைப் பற்றிச் சந்தோஷமாகப் பேசினால் உல்லாசப் பயணம் வந்த ஆள் என்று நினைத்துவிடுவார்கள். ஆனால் சாலை மூடி, வேலைக்குப் போக வேண்டியதில்லை, யாரும் வீட்டுக்கு வரப்போவதுமில்லை என்று ஆகிவிட்டால், சேர்த்து வைத்ததையெல்லாம் அவள் படிக்கலாம். வருஷம் முழுக்க அவள் சேர்த்துக்கொண்டே இருப்பவள்.

அந்த மலையூரில் இருக்கும் ஒரே பல் மருத்துவரிடம் அவள் முன்மேசையில் உட்காருகிறாள். பல்லைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பது வேலை. ஒருவர் உள்ளே போய் அடுத்தவர் வருவதற்குள் இணையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுவாள். கண்ணில் பட்ட விசித்திரங்களைத் தொகுத்து வெள்ளிக்கிழமை மதியம் ஊராருக்கு மின்னஞ்சலில் அனுப்புவாள். அதற்கு வெள்ளிக்கூடை என்று பெயர். முதலில் நாலைந்து தோழிகளுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. இப்போது மலை முழுக்கப் போகிறது, ஊரை விட்டுப் போன பிள்ளைகளுக்கும் போகிறது.

கூடைக்கு ஒரு மரியாதை உண்டு. யாராவது ஒன்றைக் கண்டுபிடித்து அனுப்பினால், அதன் கீழே 'கண்டெடுத்தவர்' என்று அவர் பெயரைப் போட்டுவிட வேண்டும். அதை மறந்தால் ஆள் மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசமாட்டார். பெயர் வந்துவிட்டாலோ, கடையில் ரொட்டி வாங்கும்போதுகூட அதைப் பற்றி நாலு பேர் விசாரிப்பார்கள்.

இதில் யாருக்கும் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. கூடையில் போடுவதை ஆர்டிஸ் படிப்பதில்லை. தலைப்பைப் பார்ப்பாள், படத்தைப் பார்ப்பாள், முதல் பத்தியில் கண்ணை ஓட்டுவாள், அவ்வளவுதான். ஆசையாக ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டு, மிச்சத்தைப் பனி விழும் சனி ஞாயிறுக்கென்று ஒதுக்கி வைப்பாள். எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் அனுப்புவது என்றால் மாதத்துக்கு ஒரு கூடைகூடத் தேறாது. "எப்படித்தான் இத்தனையும் படிக்கிறியோ" என்று ஊரே வியக்கும்போது அவள் சிரிப்பாள். சிரிப்பு வசதியான பொருள். ஆமாம் என்றும் ஆகாது, இல்லை என்றும் ஆகாது.

கூடையில் அடிக்கடி பெயர் வருபவர் ஓரின் தேயர். எண்பதைத் தொடப்போகும் மனிதர், நாற்பது வருஷம் பால் லாரி ஓட்டியவர். மனைவி வெர்னா இறந்த பிறகு குளத்துச் சாலைக் கோடியில் தனியாக இருந்தார். முழங்கால் ஒத்துழைக்காததால் விறகு சுமக்க முடியவில்லை. விறகடுப்பைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, நிலவறையில் இருக்கும் எண்ணெய் ஹீட்டரை நம்பி இருந்தார். அது ஓடக் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் வீடு ஐஸ்பெட்டி. நிதானமான ஆள். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துக் காகிதத்தைக்கூட முழுசாகப் படித்துவிட்டுத்தான் மாத்திரையை வாயில் போடுவார்.

அந்த வியாழக்கிழமை பல் செட்டைச் சரிசெய்துகொள்ள வந்தவர், மேசைக்கு முன்னால் நின்றார்.

"ஆர்டிஸ், நேத்து ஒண்ணு அனுப்பினேனே, பாத்தியா?"

"பாக்காம இருப்பேனா? பூந்தொட்டியைக் கவுத்து வச்சு ரூமைச் சூடாக்குறதுதானே? பிரமாதம் ஓரின்! நாளைக்குக் கூடையில முதல் ஐட்டமே அதான்."

உண்மையில் அவள் பார்த்தது படத்தை மட்டும்தான். நாலு மெழுகுவர்த்தி, அதன்மேல் கவிழ்த்த மண் தொட்டி, பக்கத்தில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு சிரிக்கும் ஒருத்தி.

ஓரின் தொப்பியைக் கழற்றி விளிம்பைத் தடவினார்.

"கூடையில போடுறதுக்காக அனுப்பலம்மா. அந்தக் கட்டுரைக்குக் கீழ சில பேரு பயமுறுத்துற மாதிரி எழுதியிருக்காங்க. அதையும் படிச்சியா? அதான் உன்னை ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு."

அந்த நேரம் பார்த்து தொலைபேசி அடித்தது. படிக்கவில்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியில் அவள் வேறொன்றைச் சொன்னாள்.

"கீழ எழுதுறவங்களுக்கு வேற என்ன வேலை? வெந்நீர் வைக்கிறது எப்படின்னு போட்டாக்கூட நாலு பேரு சண்டைக்கு வருவாங்க."

பல் செட் இல்லாத வாயால் ஓரின் சிரித்தார். "அப்ப சரியா இருக்கும்ங்கிற."

அவள் தொலைபேசியைக் காதில் வைத்தபடி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

"நீ சொன்னா சரிதான். எல்லாத்தையும் படிக்கிறவளாச்சே நீ" என்றார் அவர்.

மறுநாள் கூடை போயிற்று. 'புயலில் கரண்ட் போனால் கவலை வேண்டாம். ஒரு பூந்தொட்டி, நாலு மெழுகுவர்த்தி போதும். கண்டெடுத்தவர்: நம்ம ஓரின் தேயர்.' சாயங்காலம் பனி தொடங்கியது. சனிக்கிழமை விடிவதற்குள் ஜன்னல் கட்டை வரை ஏறிவிட்டது. காலைச் சாப்பாட்டுக்கு முன்பே மலை முழுக்கக் கரண்ட் போயிற்று.

ஆர்டிஸின் கணவன் ராய்ஸ் கொட்டகைக்குப் போய் ஜெனரேட்டரைக் கிளப்பிவிட்டு, மீசையில் பனியோடு உள்ளே வந்தான். ஹீட்டர் ஓடியது, இணையப் பெட்டியின் பச்சை விளக்கும் எரிந்தது. அவள் அதற்குள் சோபாவில் போர்வையும் மடிக்கணினியும் காப்பியுமாகக் கூடு கட்டியிருந்தாள்.

"மகாராணி தர்பாரைக் கூட்டியாச்சா?" என்றான். "ஹீட்டருக்குன்னு வாங்கின பெட்ரோல். ஆக்டோபஸ் கனவு காணுதான்னு பாக்கறதுக்கு எரிச்சுக்கிட்டிருக்கோம்."

"அது போன மாசம். இப்ப ஐஸ் பாடுறது. ஒரு ஆள் உறைஞ்ச ஏரிக்குள்ள மைக்கை இறக்கியிருக்கான். கேளேன்."

அவனும் நின்று கேட்டான். யாரோ ஆழத்தில் இரும்புக் கம்பியைச் சுண்டுவது போல இருந்தது.

"நம்ம குளத்துலகூட இப்படித்தான் கேக்கும். அதுக்கு எவனும் மைக் வைக்கல" என்றான். பிறகு, "ஓரினுக்குப் போன் போட்டியா?" என்று கேட்டான்.

"போட்டேன். அடிக்கவே இல்ல. கரண்ட் இல்லேன்னா அவரு போனும் செத்துடும்."

"ஒரு எட்டு போய்ப் பாக்கட்டுமா?"

"இந்தக் காத்துலயா? நீ வழியில விழுந்தா உன்னை யாரு போய்ப் பாக்கறது? கொஞ்சம் அடங்கட்டும். அவருக்கென்ன, அவருகிட்டதான் பூந்தொட்டி இருக்கே" என்று சொல்லி அவள் சிரித்தாள். ராய்ஸும் சிரித்தான்.

அந்தச் சிரிப்பைப் பிறகு எத்தனையோ முறை அவள் நினைத்துப் பார்த்தாள். அப்போது அது வெறும் சிரிப்பு. நாள் அவள் பக்கம் இருந்தது. ரப்பர் வருவதற்கு முன்னால் பென்சில் எழுத்தை ரொட்டித்துண்டால் அழித்தார்கள் என்று படித்தாள். அணைக்கு அடியில் மூழ்கிப்போன ஊர்களின் வரைபடத்தில் ஒரு மணிநேரம் தொலைந்துபோனாள். கடல்பறவைக் கூட்டுக்கு மேலே யாரோ மாட்டி வைத்த கேமராவில் பறவை வரவே இல்லை, அதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மதியம் சூப் சூடாக்கிக் குடித்துவிட்டு வந்து பூந்தொட்டியைத் திறந்தாள்.

கட்டுரை சின்னது. கம்பளிச் சட்டைக்காரி எல்லாம் சுகம் என்று முடித்திருந்தாள். அதன் கீழேதான் கருத்துகள் தொடங்கின. முதல் சிலர் நன்றி சொல்லியிருந்தார்கள். அதற்கும் கீழே ஒருவர், தன் தங்கை வீட்டில் தொட்டிக்குள் சூடு ஏறி ஏறி, திரி மட்டுமல்ல, உருகிய மெழுகு மொத்தமும் ஒரே சமயத்தில் பற்றிக்கொண்டது என்று எழுதியிருந்தார். இன்னொருவர் தொட்டி வெடித்து மேசை விரிப்பு எரிந்த படத்தைப் போட்டிருந்தார். தீயணைப்பு வேலையில் இருப்பதாகச் சொன்ன ஒருவர், வருஷா வருஷம் பனிக்காலத்தில் இதே செய்திதான், தயவுசெய்து வேண்டாம் என்று கெஞ்சியிருந்தார். ஆர்டிஸ் இறங்கிக்கொண்டே போனாள். முடிகிற மாதிரி தெரியவில்லை.

கீழ சில பேரு பயமுறுத்துற மாதிரி எழுதியிருக்காங்க. அதையும் படிச்சியா?

ஓரின் இதையெல்லாம் படித்திருக்கிறார். ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, பயந்துபோய், அவளிடம் வந்து கேட்டிருக்கிறார். அவள் கட்டைவிரலைக் காட்டியிருக்கிறாள்.

பதறிப்போய் ஊராருக்கெல்லாம் ஒரு மின்னஞ்சல் அடித்தாள். பூந்தொட்டி வேண்டாம், ஆபத்து, யாரும் செய்யாதீர்கள். அனுப்பிவிட்ட பிறகுதான் உறைத்தது. கரண்ட் இருக்கிறவனுக்குத்தான் இது போய்ச் சேரும். கரண்ட் இருக்கிறவனுக்குப் பூந்தொட்டி எதற்கு?

"ராய்ஸ்! கிளம்பு" என்றாள்.

பனிக்காலணிகளை மாட்டிக்கொண்டு இருவரும் இறங்கினார்கள். குளத்துச் சாலை எங்கே, பள்ளம் எங்கே என்று தெரியவில்லை. அஞ்சல்பெட்டிகளின் தலை மட்டும் அங்கங்கே தெரிந்தது. காற்று முகத்தில் மணலை வாரி அடிப்பது போல அடித்தது. ராய்ஸ் என்னவென்று கேட்டான். அவள் பாதி சொன்னாள். மீதிப் பாதியைக் காற்று சாக்காக வைத்து விட்டுவிட்டாள்.

வீடு அப்படியே நின்றது. கூரை இருந்தது, சுவர் இருந்தது, வாசலில் ஒரு கால்தடம்கூட இல்லை. அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. "திரையை இழுத்து விட்டுட்டுப் படுத்திருக்காரு பாரு" என்று சொல்லிக்கொண்டே ஜன்னலுக்குப் பக்கத்தில் போனாள். திரை இல்லை அது. கண்ணாடியின் உள்பக்கம் முழுக்கக் கரி.

ராய்ஸ் தோளால் இடித்துக் கதவைத் திறந்தான். "நீ வராதே" என்றான். அவள் போனாள். சமையலறை மேசை பாதி எரிந்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. திரைச்சீலை இருந்த இடத்தில் கம்பி மட்டும் மிச்சம். நெருப்புக்கு மூச்சு போதவில்லை போலிருக்கிறது, அதுவாகவே அணைந்துவிட்டது. உடைந்த தொட்டி ஓடுகளுக்கு அடியில் தகரத் தட்டும், தட்டுக்கு அடியில் ஒழுங்காக அடுக்கிய செங்கற்களும் இருந்தன. மனிதர் தன்னால் ஆன ஜாக்கிரதையையெல்லாம் செய்துவிட்டுத்தான் பற்ற வைத்திருக்கிறார். பின்கதவுக்கு அருகே தரையில், கோட்டும் தொப்பியும் போட்டபடி கிடந்தார். உடம்பில் ஒரு தீக்காயம் இல்லை. புகைதான்.

ஆர்டிஸ் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தாள். அது மரக்கட்டையாக இருந்தது. அவள் அலறி அழுதாள். ராய்ஸ் அவளைத் தூக்கி நிறுத்த வேண்டியதாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சாலையைத் திறந்துகொண்டு டெல்பர்ட் வந்தான். பகலில் மரம் அறுப்பவன், தீ என்றால் ஊரின் தொண்டர் படைக்குத் தலைவன். சமையலறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

"பாவம்! தானே கண்டுபிடிச்ச ஐடியா, ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, தானே மாட்டிக்கிட்டாரு. நல்லவேளை, வேற எவனும் செஞ்சு பாக்கல."

ஆர்டிஸ் வாயைத் திறந்தாள். ராய்ஸ் அவள் முழங்கையைப் பிடித்தான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவனிடம் முழுவதையும் சொன்னாள்.

"இதோட விட்டுடு. நீ சொன்னா அவரு எழுந்து வரப்போறாரா?" என்றான்.

"பழி அவரு பேருல போகுதே ராய்ஸ்."

"செத்தவருக்குப் பேரு எதுக்கு? நீ இந்த ஊர்ல இன்னும் இருக்கணும். நானும் இருக்கணும்."

அவன் கெட்டவன் இல்லை. அவளை அவ்வளவு பிடிக்கும் அவனுக்கு. அதனால்தான் அப்படிச் சொன்னான். அவளும் அதைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொள்வதற்கு வேறு எதுவும் இல்லை.

அடுத்த சில நாட்கள் பல் மருத்துவரின் முன்மேசையில் அவள் கேட்டதெல்லாம் ஒரே பேச்சு. ஓரினுக்குப் புத்தி தடுமாற ஆரம்பித்திருக்கிறது. வெர்னா இருந்தால் விட்டிருப்பாளா? அத்தனை பேர் வேண்டாம் என்று கீழே எழுதியிருக்கிறார்கள், அதைக்கூடப் பார்க்காமல் செய்திருக்கிறார் மனிதர். வயசு யாரை விட்டது. கண்டெடுத்தவர் ஓரின் தேயர் என்று கூடையிலேயே இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மரியாதைக்காகப் போட்ட பெயர் இப்போது குற்றப்பத்திரிகையாகிவிட்டது. ஆர்டிஸ் நேரம் குறித்துக் கொடுத்தாள். பணிவாகச் சிரித்தாள். வீட்டுக்குப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

ஓரினின் மகள் கோரின் ஆல்பனி நகரத்திலிருந்து வந்து சேர்ந்திருந்தாள். ஐம்பதை நெருங்குகிறவள், அப்பாவின் தாடை அப்படியே அவளுக்கு. அடக்கத்துக்கு முந்தின நாள், அடுப்பில் வேகவைத்த மக்ரோனிப் பாத்திரத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு ஆர்டிஸ் அந்த வீட்டுக்குப் போனாள். சாவு வீட்டுக்கு வெறுங்கையோடு போகிற வழக்கம் அங்கே இல்லை. புகை நாற்றம் போக எல்லா ஜன்னலையும் திறந்து போட்டிருந்தார்கள். கோரின் கோட்டோடு அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க ஆர்டிஸ். அதை அந்த அலமாரி மேல வைங்க. இங்க மேசை கிடையாது இப்ப."

வைத்துவிட்டு ஆர்டிஸ் நின்றாள்.

"நீங்கதான் அவரைப் பாத்தீங்களாம். ரொம்ப நன்றி. அந்தப் பனியில வந்திருக்கீங்க" என்றாள் கோரின். பிறகு சட்டையை மடியில் போட்டுக்கொண்டு சொன்னாள்: "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பேசுவேன் அவர்கிட்ட. எனக்கு ஒண்ணுமே தெரியல. நல்லாத்தான் பேசினாரு. கதை சொன்னாரு, கிண்டல் பண்ணினாரு. ஆனா அந்தப் பக்கத்தை நேத்து நான் படிச்சேன். படிக்கத் தெரிஞ்ச எவனும் அதைச் செய்யமாட்டான். அப்ப அவருக்குப் படிக்கிறது மண்டையில ஏறாம போயிருக்கு. எவ்வளவு நாளா அப்படின்னு எனக்குத் தெரியல. நான் கவனிக்கல. ஒரே பொண்ணு நான், எனக்குத் தெரிஞ்சிருக்கணும். என்கூட வாப்பான்னு இழுத்துக்கிட்டுப் போயிருக்கணும்."

அவள் அழவில்லை. ரொம்ப நேரமாக இதையே நினைத்து நினைத்துத் தேய்ந்துபோன குரலில் சொன்னாள்.

திறந்த ஜன்னல் வழியாகச் சாலையில் பனி வாரும் வண்டி போகும் சத்தம் கேட்டது. அது போய் முடிகிறவரை ஆர்டிஸ் காத்திருந்தாள். செத்தவருக்குப் பேரு எதுக்கு என்று ராய்ஸ் சொன்னது ஞாபகம் வந்தது. இவளுக்கும் அது பொருந்துமா என்று பார்த்தாள், பொருந்தவில்லை. கோரின் செத்துப்போகவில்லை. இன்னும் முப்பது வருஷம் இப்படிச் சட்டை மடிப்பாள்.

"உங்க அப்பா புத்தி நல்லாத்தான் இருந்துச்சு கோரின்" என்றாள்.

"நீங்க ஆறுதலுக்குச் சொல்றீங்க."

"இல்ல. அவரு படிச்சாரு. கடைசி வரி வரைக்கும் படிச்சாரு. பயந்துபோய் என்கிட்ட வந்து கேட்டாரு, வியாழக்கிழமை, என் மேசைக்கு முன்னால நின்னு. கீழ எழுதியிருக்கிறதைப் படிச்சியான்னு கேட்டாரு."

கோரின் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க என்ன சொன்னீங்க?"

"அவங்களுக்கு வேற வேலையில்லைன்னு சொன்னேன். சரியா இருக்கும்னு விரலைக் காட்டினேன்."

"நீங்க அதைப் படிச்சும்..."

"படிக்கல. படம் பாத்தேன். நான் எதையுமே படிக்கிறதில்ல கோரின். படிச்ச மாதிரி இருந்துக்கிட்டேன். அவரு அதைக் கூடையில போடச் சொல்லவே இல்ல. நானாத்தான் போட்டேன், அவரு பேரையும் போட்டேன். அதைப் பாத்து நான் சரின்னு சொல்லிட்டதா நினைச்சிருப்பாரு."

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். எதுவும் இறங்கவில்லை. கோரின் மடித்த சட்டையை எடுத்து மற்ற சட்டைகளுக்கு மேல் வைத்தாள். சமமாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். அவள் முகத்தில் முதலில் வந்தது கோபமில்லை. அப்பா அப்பாவாகவே இருந்திருக்கிறார் என்கிற நிம்மதி. அது போன பிறகுதான் மற்றது வந்தது.

"என் அப்பாவைக் கிறுக்கன்னு ஊரே சொல்லிக்கிட்டிருக்கு. நேத்து டெல்பர்ட் என் தோளைத் தட்டி, வயசானா அப்படித்தான்னு சொன்னான். அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கதான்."

"நாளைக்கு சர்ச்சுல எல்லாரும் இருப்பாங்க. அங்க சொல்வீங்களா இதை?"

ஆர்டிஸ் தலையாட்டினாள். "சரி, நான் அதை எழுதி..."

"எழுதாதீங்க" என்றாள் கோரின். "உங்க எழுத்தை நம்பினது போதும். எழுந்து நின்னு வாயால சொல்லுங்க."

"சொல்றேன்" என்றாள் ஆர்டிஸ்.

கோரின் அடுத்த சட்டையை எடுத்தாள். அந்த வார்த்தையை அவள் நம்பியதாகத் தெரியவில்லை.